கருதுகோள்னா என்ன, புதுசா கண்டுபிடிச்ச கிரகமா?

கலைச்சொல்னு யாராவது வாயைத் திறந்தாலே நம்ம ஆளுங்க உடனே ரெண்டு அணியாப் பிரிஞ்சுடுவாங்க. ஒரு அணி "செல்லுன்னு சொல்லாதே, உயிரணுன்னு சொல்லு"ன்னு கம்பைத் தூக்கும். இன்னொரு அணி "மைட்டோகாண்ட்ரியாவை மைட்டோகாண்ட்ரியான்னே விட்டுடுங்கப்பா, புள்ளைங்க பாவம்"னு கண்ணீர் விடும். அப்புறம் ரெண்டு நாளைக்கு கும்மி. மூணாவது நாள் எல்லாரும் சினிமா விமர்சனத்துக்குப் போயிடுவாங்க. :-)

இந்தச் சண்டையில ரெண்டு பேருமே தப்பான இடத்துல நிக்கிறாங்கன்னு எனக்குத் தோணுது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு உயிரியல்ல ரெண்டு வகைச் சொல் வேணும். ஒண்ணு, பொருளுக்கும் நிகழ்வுக்கும் பேரு: செல், திசு, ஒளிச்சேர்க்கை, மரபணு. இன்னொண்ணு, யோசிக்கிறதுக்கான சொல்: கருதுகோள், மாறி, கட்டுப்பாடு, முடிவு, கொள்கை. முதல் வகைக்குத்தான் நாம அடிச்சுக்கிறோம். ரெண்டாவது வகை கேட்பாரில்லாம அநாதையாக் கிடக்கு. ஆனா அறிவியல்ங்கிறது அந்த ரெண்டாவது வகையிலதான் இருக்கு.

பேரு விஷயத்துல நாம அவ்வளவு மோசமில்லை

முதல்ல நல்ல சேதி. தமிழ் மீடியத்துல படிச்சவன்ங்கிற முறையில சொல்றேன், பல இடத்துல நமக்குக் கிடைச்ச சொல்லு இங்கிலீஷ்காரனுக்குக் கிடைச்சதை விட நல்ல சொல்லு. 'தாவர உண்ணி', 'ஊனுண்ணி'ன்னா ஆறாவது படிக்கிற பையனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சொல்லுக்குள்ளேயே விடை இருக்கு. 'இருவாழ்வி'ன்னா தவளை கண்ணு முன்னாடி வந்து குதிக்குது. இதையே இங்கிலீஷ்ல படிக்கிற புள்ளை லத்தீனையும் கிரேக்கத்தையும் மனப்பாடம் பண்ணியாகணும். 'சவ்வூடு பரவல்'னு யாரோ ஒரு புண்ணியவான் வெச்சிருக்கான் பாருங்க, அந்த ரெண்டு சொல்லுலேயே பாதிப் பாடம் முடிஞ்சுது.

இது தானா வந்ததில்லைங்க. 1850-கள்ல யாழ்ப்பாணத்துல சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்னு ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர் மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கினார், அப்புறம் தமிழ்லயே மருத்துவமும் சொல்லிக்கொடுத்தார். 1916-ல சேலத்துல ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொல்லுக்காகவே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1954-லேருந்து 1968 வரைக்கும் பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். நாம இன்னிக்கு சுலபமா எழுதுற பாதி சொல்லு இப்படிப் பட்டவங்க உழைப்புல வந்தது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்ல இன்னொரு முழு உலகமே இருக்கு. நமக்கு செல், அவங்களுக்குக் கலம். நமக்குத் திசு, அவங்களுக்கு இழையம். ஒளிச்சேர்க்கை அங்கே ஒளித்தொகுப்பு. குரோமோசோம் நிறமூர்த்தம். நாம நடுங்குற மைட்டோகாண்ட்ரியாவை அவங்க 'இழைமணி'ன்னு மூணு எழுத்துல, ச்சே நாலு எழுத்துல, முடிச்சுட்டாங்க. :-) அந்தச் சொல்லை வெச்சு அவங்க உயர்தரம் வரைக்கும் தமிழ்லயே படிக்கிறாங்க.

அப்போ பேரு விஷயத்துல என் கட்சி என்னன்னா, கட்சியே கிடையாது. சொல்லு தானே விளக்கினா தமிழ்ச் சொல். விளக்கலையா, கடன் சொல்லே போதும். தமிழ்ல செல்லுன்னா கரையான் கூடத்தான், "புத்தகத்தைச் செல்லரிச்சுடுச்சு"ன்னு சொல்றதில்லையா? அதனால எந்தப் புள்ளையும் உடம்பு முழுக்கக் கரையான்னு நினைச்சுக் குழம்பினதில்லை. பேருங்கிறது லேபிள். லேபிள் கொஞ்சம் கோணலா ஒட்டியிருந்தாலும் டப்பாக்குள்ள இருக்கிற சர்க்கரை சர்க்கரைதான்.

சில லேபிள் மட்டும் பொய் சொல்லும்

கோணல் வேற, பொய் வேற. மூணு உதாரணம்.

'சுவாசம்'. மூக்கால காத்தை இழுத்து விடுறதுக்கும் இதே சொல், செல்லுக்குள்ள உணவைச் சிதைச்சு ஆற்றல் எடுக்கிறதுக்கும் இதே சொல். விளைவு, "செடி பகல்ல ஒளிச்சேர்க்கை செய்யும், ராத்திரி சுவாசிக்கும்"னு எத்தனை பேர் இன்னும் நம்புறாங்க! செடி இருபத்து நாலு மணி நேரமும் சுவாசிக்குது. பகல்ல ஒளிச்சேர்க்கை அதை விட வேகமா நடக்கிறதால நமக்குத் தெரியறதில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் தமிழ்ல 'மூச்சு'ன்னு ஒரு அருமையான சொல் சும்மா கிடக்கு. மூக்குக்கு மூச்சு, செல்லுக்குச் சுவாசம்னு பிரிச்சு வெச்சிருந்தா இந்தக் குழப்பம் பாதி குறைஞ்சிருக்கும்.

'பரிணாம வளர்ச்சி'. பரிணாமம் சரி, வளர்ச்சி எங்கேருந்து வந்துச்சு? மெக்சிகோ குகைத் தண்ணியில ஒரு மீன் இனம் தலைமுறை தலைமுறையா இருட்டுல வாழ்ந்து கண்ணையே இழந்துடுச்சு. அதுவும் பரிணாமம்தான். அதுல என்ன வளர்ச்சியைக் கண்டோம்? 'வளர்ச்சி'யை ஒட்டினதும் புழு கீழ்ப்படி, குரங்கு நடுப்படி, நாம மொட்டை மாடின்னு மனசுல ஒரு ஏணி வந்துடுது. இலங்கையில சொல்ற 'கூர்ப்பு'லயும் ஏதோ கூராகிக்கிட்டே போகுதுங்கிற சாயல் இருக்கு. வெறும் 'பரிணாமம்' போதுங்க.

'மரபணு'. பத்தாவதுல அணுன்னா புரோட்டான், எலக்ட்ரான். அடுத்த பாடத்துல உயிரணு, விந்தணு, மரபணு. எல்லாம் ஒரே குடும்பம்னு பையன் நினைச்சா அவனைக் குத்தம் சொல்ல முடியுமா? ஒரு மரபணுவுக்குள்ள ஆயிரக்கணக்குல அணு இருக்கு. 'அணு'ன்னா பழைய தமிழ்ல ரொம்பச் சின்னதுன்னு அர்த்தம், அந்த அர்த்தத்துல வெச்ச பேருன்னு வாத்தியார் ஒரு வரி சொல்லிட்டா தீர்ந்தது. அந்த ஒரு வரி எங்க வகுப்புல யாரும் சொல்லலை.

இப்போ மெயின் மேட்டர்

+2 வேதியியல் ஆய்வகத்துல உப்புப் பகுப்பாய்வு செஞ்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நோட்டுல கட்டம் போடுவோம். செய்முறை, காண்பன, அறிவன. அந்தக் கடைசி ரெண்டு சொல்லையும் இன்னொரு தரம் சத்தமா படிச்சுப் பாருங்க.

காண்பன: கண்ணு பார்த்தது. அறிவன: அதுலேருந்து புத்தி எடுத்தது.

அறிவியல் முறையோட பாதி இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்குங்க. ஆனா உயிரியல் நோட்டுக்கு வந்தா என்ன ஆகுது? எல்லாத்துக்கும் கீழே 'முடிவு'ன்னு ஒரே தலைப்பு. சோதனையில என்ன கிடைச்சதுங்கிறதும் முடிவு, அதுலேருந்து என்ன தெரியுதுங்கிறதும் முடிவு. பஞ்சாயத்துல நாட்டாமை சொல்றதும் முடிவு, படம் முடியறதும் முடிவு. ரெண்டு வேற வேற விஷயத்துக்கு ஒரே வேரியபிள் பேரு வெச்சா என்ன ஆகும்னு பொட்டி தட்டுறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லைன்னு காட்ட ஒரு பழைய கதை. பெல்ஜியம் பக்கத்துல வான் ஹெல்மான்ட்னு ஒருத்தர். அவர் செத்தப்புறம் 1648-ல அச்சான புத்தகத்துல இருக்கிற சோதனை இது. 200 பவுண்டு காய்ஞ்ச மண்ணை எடை போட்டுத் தொட்டியில நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்னை நட்டார். அஞ்சு வருஷம் மழைத்தண்ணி மாதிரி சுத்தமான தண்ணியை மட்டும் ஊத்தினார். தூசி விழக்கூடாதுன்னு தொட்டிக்கு ஓட்டை போட்ட தகரமூடி வேற. அஞ்சு வருஷம் கழிச்சு மரம் 169 பவுண்டுக்கு மேல. மண்ணைக் காயவெச்சு எடை போட்டா, குறைஞ்சது ரெண்டு அவுன்ஸ் அளவுதான். நம்ம கணக்குல அறுபது கிராம் கூட இல்லை.

காண்பன அவ்வளவுதான். அதுவரைக்கும் அட்டகாசம். செடி மண்ணைத் தின்னு வளருதுன்னு காலங்காலமா சொல்லிட்டிருந்ததை ஒரே தராசுல கவுத்துட்டார். அறிவனவுக்கு வந்தப்போ, "அப்போ மரம் முழுக்கத் தண்ணியிலேருந்து வந்திருக்கு"ன்னு எழுதிட்டார். காத்தைக் கணக்குல எடுக்கலை. இதுல பெரிய தமாஷ் என்னன்னா, 'கேஸ்'ங்கிற சொல்லை உலகத்துக்குக் கொடுத்ததே இந்த ஆளுதான்! விறகு எரிஞ்சா வர்ற வாயுவுக்குத் தனியா பேரு வெச்சவர், அதே வாயுவை மரம் உள்ளே இழுக்குதுன்னு பார்க்கலை. அதுக்கப்புறம் 1779-ல இங்கன்ஹவுஸ் வெளிச்சம் வேணும்னு காட்டி, 1782-ல செனெபியே கார்பன்டைஆக்சைடைச் சேர்த்து, 1804-ல டி சொசூர் தண்ணிக்கும் பங்கு இருக்குன்னு அளந்து காட்டி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

வான் ஹெல்மான்ட்டோட 'முடிவு' சரியா தப்பான்னு ஒரு பையன் கேட்டா நாம என்ன சொல்றது? ஒரே சொல்லை வெச்சுக்கிட்டு பதில் சொல்லவே முடியாது. காண்பன சரி, அறிவன தப்புன்னா ஒரு நொடியில புரியும். அந்த அளவு கூர்மையான ரெண்டு சொல் கையில இருக்கு, அதை வேதியியல் லேபோட பூட்டி வெச்சிருக்கோம்.

கட்டுப்பாடுன்னா குடும்பக் கட்டுப்பாடா?

அடுத்தது இது. சோதனையில 'கட்டுப்பாடு'ன்னு பாடநூல்ல வரும். புள்ளைங்களுக்குக் கட்டுப்பாடுன்னா ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு, அப்பா. இங்கிலீஷ் சொல்லை அப்படியே சொல்லுக்குச் சொல் மாத்தினதால வந்த வினை. உண்மையில அது ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக வெச்சிருக்கிற இன்னொரு செட். 'ஒப்பு'ன்னு ரெண்டு எழுத்து... சரி சரி, மூணு எழுத்து, சொன்னா போதும்.

1668-ல இத்தாலியில ஃபிரான்சிஸ்கோ ரெடி செஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அழுகுற கறியில புழு தானா உண்டாகுதுன்னு ஊரே நம்பின காலம். கொஞ்சம் ஜாடியைத் திறந்து வெச்சார், கொஞ்சத்தை முழுசா மூடினார். திறந்ததுல புழு, மூடினதுல இல்லை. இதோட நிறுத்தியிருந்தா, "காத்து போகலை, அதான் புழு வரலை"ன்னு எவனாவது கேட்டிருப்பான். அதனால மூணாவதா சல்லாத்துணி கட்டின ஜாடி. காத்து போகும், ஈ போகாது. கறியில புழு இல்லை. ஈ துணி மேல வந்து உட்கார்ந்துச்சு. இப்போ எவனும் வாயைத் திறக்க முடியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்து, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். 'மாறி', 'மாறிலி'ன்னு கணக்குப் பாடத்துல இருக்கிற ரெண்டு சொல்லு இங்கே எவ்வளவு அழகா உட்காருது பாருங்க.

நாங்க ஆபீஸ்ல ஆணி புடுங்குறதும் இதே முறைதான். ஒரு பக் வந்தா ஒரே நேரத்துல மூணு இடத்துல கோடை மாத்திட்டு "சரியாயிடுச்சு சார்"னு சொல்றவனை எங்க டீம்ல யாரும் நம்ப மாட்டோம். எதால சரியாச்சுன்னு அவனுக்கே தெரியாது. அதே நாங்க வீட்டுக்கு வந்து என்ன செய்யறோம்? "இந்தக் கஷாயம் குடிச்சேன், சளிக்காய்ச்சல் அஞ்சு நாள்ல பறந்துடுச்சு"ன்னு வாட்ஸ்அப்புல வந்தா அப்படியே நாலு குரூப்புக்குத் தள்ளிடறோம். சாதாரண சளிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துல தானாவே போகும். குடிக்காதவனுக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்கணும்னு தோணலை. கஷாயத்து மேல எனக்குக் கோபம் இல்லை, அது நல்லாக்கூட இருக்கலாம். கேள்வி வரலையேங்கிறதுதான் வருத்தம். 'ஒப்பு'ங்கிற சொல்லு பேச்சுத் தமிழ்ல புழங்கியிருந்தா, அந்தக் கேள்வி எங்க பாட்டி வாயிலேருந்தே வந்திருக்கும்.

கொள்கையும் விதியும்

'செல் கொள்கை', 'டார்வின் கொள்கை'. அதே செய்தித்தாள்ல 'கட்சிக் கொள்கை'. நம்ம ஊர்ல கொள்கைன்னா உயிரே போனாலும் மாத்திக்கக் கூடாதது (கூட்டணி மாறுற வரைக்கும்). அறிவியல்ல நேர் எதிர், ஆதாரம் மாறினா மாத்தியே ஆகணும். செல் கொள்கையையே எடுத்துக்கோங்க. 1838-ல ஷ்லைடன் தாவரத்துக்கும், 1839-ல ஷ்வான் விலங்குக்கும் சொன்னாங்க. ஆனா புதுச் செல்லு உருவமில்லாத ஏதோ ஒரு பொருள்லேருந்து திரண்டு வருதுன்னு ரெண்டு பேரும் நினைச்சாங்க. 1855-ல ஃபிர்ஹோ "செல் செல்லிலேருந்துதான் வரும்"னார். கொள்கை திருந்துச்சு, கூட வலுவாச்சு.

'விதி' பத்திக் கேட்கவே வேணாம். மெண்டல் விதியும் தலைவிதியும் ஒரே எழுத்து. கொள்கை ப்ரமோஷன் வாங்கினா விதியாயிடும்னு வேற பலரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. விதி என்ன நடக்குதுன்னு சொல்லும், கொள்கை ஏன் நடக்குதுன்னு விளக்கும். விதிக்கும் விலக்கு உண்டு. ஒரே குரோமோசோம்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மரபணுக்கள் மெண்டலோட சார்பின்றி ஒதுங்குதல் விதியைக் கண்டுக்கவே கண்டுக்காது.

"எப்படியும் காலேஜ்ல இங்கிலீஷ்தானே?"

இது நியாயமான கேள்விதான். நானும் பத்தாவது, +2 எல்லாம் தமிழ்ல படிச்சு இன்ஜினியரிங் காலேஜ்ல போய் விழுந்தவன்தான். முதல் செமஸ்டர்ல ஒரு லெக்சரர் "தமிழ் மீடியமா, கஷ்டம்தான்"னு வகுப்பு நடுவுல சொன்னதும் மறக்கலை. ஆனா அங்கே எனக்கு இடிச்சது பேரு இல்லை. இங்கிலீஷ் பேரை எல்லாம் ரெண்டு மாசத்துல மனப்பாடம் பண்ணிடலாம். யோசனை கையில இருந்தா எந்த மொழிக்கும் மாத்திக்கலாம். யோசனையே 'முடிவு'ங்கிற மூட்டைக்குள்ள கட்டிக் கிடந்தா மாத்த என்ன இருக்கு?

சொல்லை அலட்சியமா விட்டா விலை கொடுக்கிறது யாருன்னும் பார்த்தோம். 2018 நீட் தேர்வுல தமிழ் வினாத்தாள்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்புப் பிழைன்னு வழக்கு போச்சு. மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணையாக் கொடுக்கச் சொல்லுச்சு. உச்ச நீதிமன்றம் அதே வருஷம் அதை ரத்து பண்ணிடுச்சு. சந்தேகம் வந்தா இங்கிலீஷ் கேள்விதான் செல்லும்னு விதிமுறையிலேயே இருக்கு. நீதிமன்றம் சொன்னது சரியா தப்பாங்கிறதுக்கு நான் வரலை. தமிழ்ல எழுதின புள்ளைக்குத்தான் அந்தத் தாள் எமனாச்சு, தப்பா மாத்தினவனுக்கு இல்லைங்கிறதை மட்டும் சொல்லிக்கிறேன்.

சரி, என்னதான் பண்ணலாம்?

பாடநூல்ல கலைச்சொல் பட்டியல் இருக்கு, ஆனா சொல்லுக்கு எதிர்ல இன்னொரு சொல்லுதான் இருக்கும். எனக்கு வேண்டியது வீட்டுல பேசுற தமிழ்ல ஒரு வரி. இப்படி:

உற்றுநோக்கல் – நாம நினைச்சது இல்லை, பார்த்தது.

கருதுகோள் – கருதிக் கொள்வது. "இப்படி இருக்குமோ"ங்கிற யூகம், ஆனா தப்புன்னு காட்ட வழி உள்ள யூகம். கிரகமும் இல்லை, கோள்மூட்டுறதும் இல்லை. :-)

மாறி – நாம மாத்துறது ஒண்ணு, அதனால மாறுறது ஒண்ணு.

மாறிலி – வேணும்னே மாத்தாம வெச்சிருக்கிறது.

ஒப்பு – "அதைச் செய்யாம விட்டிருந்தா?"ங்கிற கேள்விக்குப் பதில் சொல்ற செட்.

காண்பன – எதிராளியும் ஒத்துக்கிட்டே ஆகணும்.

அறிவன – எதிராளி சண்டை போடலாம், போடணும்.

கொள்கை – நிறைய காண்பனவைச் சேர்த்து விளக்கி, இதுவரைக்கும் அடிவாங்காம நிக்கிற விளக்கம்.

வாத்தியார்களுக்கு ஒரு விண்ணப்பம். இலையில கருப்புத்தாள் ஒட்டி அயோடின் விடுற சோதனையை எப்படியும் செய்யத்தான் போறீங்க. அதுல கருப்புத்தாள் மறைச்ச இடம்தான் ஒப்புன்னு ஒரு தடவை கை வெச்சுக் காட்டுங்க. கீழே 'முடிவு'ன்னு எழுதாம ரெண்டு கட்டம் போடச் சொல்லுங்க. கூடுதலா ஒரு பைசா செலவு இல்லை.

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு. தமிழ்ல எழுதுறவங்க நாமதான், பாடநூலுக்கு வெளியே ஒரு சொல் புழங்கணும்னா அது நம்ம எழுத்துலதான் புழங்கணும். அடுத்த தடவை 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது'ன்னு எழுத விரல் போகுறப்போ ஒரு நிமிஷம் நிறுத்தி மூணே கேள்வி கேளுங்க. காண்பன என்ன? ஒப்பு எங்கே? அறிவன அதுக்கு மேல தாவுதா? பதில் இருந்தா அதையே எழுதுங்க, 'நிரூபிக்கப்பட்டது' தேவைப்படாது. பதில் இல்லையா, அந்த வரியைத் தூக்கிடுங்க.

பி.கு: உயிரணுவா செல்லான்னு பின்னூட்டத்துல ஆரம்பிக்கிறவங்களுக்கு என் பதில் இப்பவே: ரெண்டும் ஓகே. 'ஒப்பு'க்கு இதை விட நல்ல சொல் யார்கிட்டயாவது இருந்தா மட்டும் கண்டிப்பா சொல்லிட்டுப் போங்க. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன்.